முதலில் கவுண்டி, அப்புறம் கருவி

போன இதழில் புயல்கால ஏற்பாடுகளைப் பற்றி எழுதும்போது, "இருட்டில் உட்கார்ந்திருந்தோம், ஸ்கேனர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். தண்ணீர் சேமிப்பதையும் ஜெனரேட்டரையும் பற்றி அவ்வளவு எழுதியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். ஸ்கேனர் என்றதும் காகிதத்தைப் படமெடுக்கும் கருவி என்று நினைத்து, "இருட்டில் அது எப்படிப் பேசியது?" என்று கேட்டவரும் உண்டு. நான் சொன்னது ரேடியோ ஸ்கேனர். அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாவித் தாவிப் பார்த்து, எதில் பேச்சு வருகிறதோ அதில் நின்று நமக்குக் கேட்க வைக்கும் பெட்டி. கேட்கத்தான் முடியும், அதில் பேச முடியாது, அதனால் அமெரிக்காவில் அதை வாங்க உரிமம் எதுவும் வேண்டாம்.

கேள்வி: 2024 ஜூலையில் பெரில் புயல் அடித்தபோது எங்களுக்கு நான்கு நாள் கரன்ட் இல்லை, போனும் விட்டுவிட்டுத்தான் வேலை செய்தது. அடுத்த சீசனுக்குள் ஒரு ஸ்கேனர் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் வெட்டிச் செலவு என்கிறார். எதை வாங்குவது?
— வாசகி, சுகர்லேண்ட், டெக்சாஸ்

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. புயலுக்காக மட்டும் என்றால் முதலில் வாங்க வேண்டியது வானிலை ரேடியோ. முப்பது நாற்பது டாலருக்குள் கிடைக்கும். அமெரிக்க அரசின் வானிலை அமைப்பான நோவா 162.400-லிருந்து 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை 7 சேனல்களில் நாடு முழுக்க இருபத்து நான்கு மணி நேரமும் வானிலை சொல்லிக்கொண்டிருக்கிறது, ஹூஸ்டன் பக்கத்துக்கு டாம்பால் நிலையம் 162.400-ல் வரும். அந்த ரேடியோவில் 'சேம்' என்று ஒரு வசதி இருக்கும். உங்கள் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எண் 048157, அதைப் போட்டுவிட்டால் உங்கள் கவுண்டிக்கு எச்சரிக்கை வரும்போது மட்டும் நடுராத்திரியில் அலறும். பக்கத்து ஹாரிஸ் கவுண்டியும் வேண்டுமென்றால் 048201. பேட்டரி போட மறக்காதீர்கள். கரன்ட் போன பிறகுதானே அது வேலைக்கே வரப்போகிறது.

இதற்கு மேலும், எந்தச் சாலை முங்கிக் கிடக்கிறது, தீயணைப்பு வண்டி எங்கே போகிறது என்று கேட்க வேண்டும் என்றால்தான் ஸ்கேனர். இங்கேதான் நிறையப் பேர் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள். கடையில் நூற்றுச் சொச்ச டாலருக்கு ஒன்று இருக்கும், எழுநூறு டாலருக்கும் ஒன்று இருக்கும். எது உங்களுக்குச் சரி என்பதைத் தீர்மானிப்பது நீங்களோ கடைக்காரரோ இல்லை, உங்கள் கவுண்டி. எந்த ஊரில் யார் எந்த அலைவரிசையில் பேசுகிறார்கள் என்று பட்டியல் போட்டிருக்கும் ரேடியோரெஃபரன்ஸ் தளத்தில் மாநிலம், கவுண்டி என்று போய்ப் பாருங்கள். சாதாரண அனலாக் அலைவரிசைகள் மட்டும் இருந்தால் யூனிடனின் பிசி125ஏடி மாதிரி மலிவான கைக்கருவியே போதும். விமானம், ரயில், படகு, நோவா எல்லாமே அதில் கேட்கும். பி25 (போலீஸ், தீயணைப்புத் துறைகளின் டிஜிட்டல் முறை) என்று போட்டிருந்தால் அதில் கேட்காது, டிஜிட்டல் டிரங்கிங் கருவி வேண்டும். ஹூஸ்டன் சுற்றுவட்டாரத்தில் பல துறைகள் டெக்ஸ்வார்ன் என்ற பி25 வலையமைப்பில்தான் பேசுகின்றன.

டிரங்கிங் என்றால் பயப்பட வேண்டாம். வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், பலகையில் "உங்கள் எண், 4-ஆம் கவுண்டர்" என்று வருகிறது, போகிறோம். அடுத்த முறை 2-ஆம் கவுண்டர். ரேடியோவிலும் அதே கதைதான். போலீஸ், தீயணைப்பு, குப்பை வண்டி எல்லோருக்கும் ஒவ்வொரு குழு எண் உண்டு. யாராவது பேச பட்டனை அழுத்தியதும், எந்த அலைவரிசை காலியோ அதை ஒரு கம்ப்யூட்டர் ஒதுக்கிக் கொடுக்கும். டிஜிட்டல் ஸ்கேனர் அந்தப் பலகையைப் படித்துக்கொண்டே குழுவின் பின்னால் ஓடும்.

கடைசியாக ஒன்று. தளத்தில் குழுவின் பெயருக்குப் பக்கத்தில் 'இ' (E) என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பூட்டிய பேச்சு (என்கிரிப்ட் செய்தது), ஆயிரம் டாலர் கொட்டினாலும் கேட்காது. டென்வர் போலீஸ் 2019-லேயே பூட்டிவிட்டது, சிகாகோ 2022-ல் தொடங்கியது, நியூயார்க் 2023-ல். நீங்கள் கேட்க நினைத்த குழுக்கள் எல்லாவற்றிலும் அந்த எழுத்து இருந்தால், அன்றைக்கு உங்கள் வீட்டுக்காரர் சொன்னது முழுக்கச் சரி.

கேள்வி: புதிதாக ஃபோர்டு எஃப்-150 வாங்கியிருக்கிறேன். அதில் ஸ்கேனர் பொருத்த வேண்டும். கடையில் கொடுத்த காந்த ஆன்டெனா கூரையில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. பவரை சிகரெட் லைட்டர் துளையிலிருந்தே எடுக்கலாமா?
— வாசகர், கேட்டி, டெக்சாஸ்

காந்தத்தின் மேல் தப்பில்லை. 2015 மாடலிலிருந்து அந்த வண்டியின் உடம்பு அலுமினியம். கண்ணாடிக் கூரை உள்ள கார்களிலும் இதே பிரச்சினைதான். பானெட்டின் ஓரத்தில் ஃபெண்டர் போல்ட்டோடு சேர்த்து முடுக்குகிற 'எல்' வடிவத் தகடு கிடைக்கும், அதில் என்எம்ஓ என்கிற திருகு வகை ஆன்டெனாவைப் போட்டுக்கொள்ளுங்கள். கூரை நடுவில் முக்கால் அங்குல ஓட்டை போட்டு என்எம்ஓ வைப்பதுதான் இருப்பதிலேயே சிறந்த முறை. ஆன்டெனாவுக்குக் கீழே நாலு பக்கமும் உலோகம் பரவியிருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் புது வண்டியின் தலையில் ஓட்டை போடச் சொல்லி உங்கள் வீட்டில் நான் கெட்ட பேர் வாங்க விரும்பவில்லை.

ஆன்டெனா எவ்வளவு நீளம்? அலைநீளத்தில் கால் பங்கு. 155 மெகாஹெர்ட்ஸுக்கு 48 சென்டிமீட்டர், 850-க்கு 9 சென்டிமீட்டர்கூட வராது. நீளமாக இருந்தால் நன்றாக இழுக்கும் என்ற நம்பிக்கை நம் ஊர் டிவி ஆன்டெனா காலத்திலிருந்து கூடவே வருகிறது, 800 மெகாஹெர்ட்ஸ் டிரங்கிங்குக்கு அது பலிக்காது. நீங்கள் எதைக் கேட்கப்போகிறீர்களோ அந்த அலைவரிசைகளுக்கென்று செய்த பலபட்டை ஆன்டெனாவாகப் பார்த்து வாங்குங்கள். கேபிளை முன்கதவின் ரப்பருக்கு அடியில் நசுக்கிக்கொண்டு வராதீர்கள். ஒரு வருடத்தில் உள்ளே இருக்கும் கம்பி துண்டாகும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

பவரைப் பொறுத்தவரை, முதல் வாரம் லைட்டர் துளையிலேயே ஓட்டிப் பாருங்கள். கருவி எங்கே இருந்தால் கைக்கும் கண்ணுக்கும் வாகு என்று அதற்குள் தெரிந்துவிடும். அப்புறம் ஃபியூஸ் பெட்டியிலிருந்து 'ஃபியூஸ் டேப்' வைத்து எடுங்கள். சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வருகிற இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் விமான நிலையத்தில் ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரும்போது பேட்டரி செத்துக் கிடக்கும். ஸ்கேனர் ஒரு ஆம்பியருக்குள்தான் இழுக்கும் என்பதால் 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். கறுப்பு வயரை பெயின்ட் இல்லாத உலோகத்தில், வண்டியின் உடம்பில் இருக்கும் போல்ட் ஒன்றில் முடுக்குங்கள்.

இரைச்சல் வந்தால் ஸ்கேனரைத் திட்டாதீர்கள். நான் திட்டினேன். கால்வெஸ்டன் போகிற வழியெல்லாம் விமான அலைவரிசையில் ஒரே 'ஸ்ஸ்ஸ்'. இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை ஏற்றி ஏற்றி, கடைசியில் பைலட் பேசுவதும் சேர்ந்து அடங்கிப்போனது. வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் கருவியைக் கழற்றிப் போட்டு இரண்டு இரவு பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த வாரம் என் மனைவி தன் போனை எடுப்பதற்காக லைட்டர் துளையில் இருந்த சார்ஜரைப் பிடுங்கினாள், காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்த மாதிரி சத்தம் நின்றது. ஆறு டாலர் சார்ஜர்! விமானப் பேச்சு ஏஎம் முறையில் வருவதால் இந்த மாதிரி குப்பைச் சத்தம் அதில்தான் முதலில் தெரியும். சார்ஜர், டேஷ்கேம் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், குற்றவாளி கிடைத்ததும் நல்லதாக வேறொன்று வாங்குங்கள், அல்லது அதன் வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டுங்கள்.

ஏர்பேக் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். முன்கண்ணாடியின் இரண்டு பக்கத் தூண்களிலும் நிறைய வண்டிகளில் ஏர்பேக் இருக்கிறது. அதற்கு முன்னால் வயரைக் கொண்டுபோனாலோ, பயணி பக்க டேஷ்போர்டின் மேல் கருவியை ஒட்டி வைத்தாலோ, விபத்தில் அது உங்கள் மேல் பாயும் கல். ஓட்டும்போது பட்டனைத் தேடி அழுத்துகிற வேலையும் ஆகாது. யூனிடனின் எஸ்டிஎஸ்200 மாதிரி டிஜிட்டல் ஸ்கேனர்களில் சின்ன ஜிபிஎஸ் ஒன்றை இணைத்துவிட்டால், கவுண்டி மாற மாற அதுவே அலைவரிசைப் பட்டியலை மாற்றிக்கொள்ளும்.

கேள்வி: கோடை விடுமுறைக்கு ஹூஸ்டனிலிருந்து ஆர்லாண்டோவுக்கு காரிலேயே போகிறோம். ஸ்கேனர் காரில் இருந்தால் வழியில் போலீஸ் ஏதாவது சொல்லுமா?

சொல்லும், அதுவும் நீங்கள் போய்ச் சேருகிற மாநிலத்தில்தான். ஃபுளோரிடாவின் 843.16 சட்டப்பிரிவு, போலீஸ் அலைவரிசை கேட்கும் கருவியை வண்டியில் பொருத்துவதையும் கொண்டுபோவதையும் தடுக்கிறது. ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் உள்ளவர்களுக்கும் செய்தித்துறைக்கும் விலக்கு உண்டு. நியூயார்க், இண்டியானா, கென்டக்கி, மினசோட்டா மாநிலங்களிலும் காரில் வைப்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் விதி ஒவ்வொரு மாதிரி. ஆகவே கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அடிக்கடி மாநிலம் தாண்டிப் போகிறவர் என்றால் ஹாம் டெக்னீஷியன் தேர்வை எழுதிவிடுங்கள். 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் பாஸ். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட எழுதுகிறார்கள்.

கேட்பதிலும் ஓர் எல்லை இருக்கிறது. செல்போன் பேச்சை ஒட்டுக்கேட்பது 1986-லிருந்தே மத்தியக் குற்றம், 1994-க்குப் பின் இங்கே விற்கும் ஸ்கேனர்களில் அந்தப் பழைய செல்போன் பட்டையையே அடைத்துத்தான் விற்கிறார்கள். இன்னொன்று, எங்கோ தீ என்று கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கிளம்பாதீர்கள்.

கேள்வி: பியர்லேண்டில் மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. கூரையில் ஆன்டெனா வைக்க எங்கள் குடியிருப்புச் சங்கம் விடாது போலிருக்கிறது. பரணில் வைத்தேன், ஒன்றுமே எடுக்கவில்லை. டிவி ஆன்டெனாவைத் தடுக்கக் கூடாது என்று மத்திய விதி இருக்கிறதாமே?

இருக்கிறது, 1996-லிருந்து. டிவி ஆன்டெனாவுக்கும் ஒரு மீட்டருக்குள் இருக்கும் டிஷ்ஷுக்கும்தான் அந்தப் பாதுகாப்பு. ஸ்கேனர் ஆன்டெனா அதில் வராது. சங்கத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால் பரணில் ஏறி டார்ச் அடித்துக் கூரையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளிக் காகிதம் மாதிரி பளபளக்கிறதா? வெயில் சூட்டைத் திருப்பி அனுப்ப டெக்சாஸ் வீடுகளில் ஒட்டுகிற தகடு அது. சூட்டை மட்டுமா திருப்புகிறது, ரேடியோ அலையையும் சேர்த்துத்தான். அப்படியென்றால் பரணை மறந்துவிட்டு, ரேடியோ டவர் இருக்கும் திசையைப் பார்த்த மாடி ஜன்னலில் ஒரு சின்ன ஆன்டெனாவை ஒட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அதுவே தாராளம்.

சங்கம் மனமிரங்கினால் வெளியே டிஸ்கோன் வைக்கலாம். குடைக்கம்பிகளை விரித்துக் கவிழ்த்த மாதிரி இருக்கும், 25-லிருந்து 1,300 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் ஓரளவு எடுக்கும். ஆன்டெனாவுக்கு நூறு டாலர் கொடுத்துவிட்டு கேபிளில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. 850 மெகாஹெர்ட்ஸில், 50 அடி ஆர்ஜி-58 கேபிளைத் தாண்டி உள்ளே வரும்போது, மேலே பிடித்த சக்தியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். எல்எம்ஆர்-400 என்றால் அறுபது சதவீதம் வந்து சேரும், ஆனால் தடியாக இருக்கும், வளையாது, விலையும் ஜாஸ்தி. நான் சொல்வது கேபிள் டிவிக்குப் போடுகிற ஆர்ஜி-6. பாதி மிஞ்சும், மலிவு. அந்தக் கேபிள் 75 ஓம், ஸ்கேனர் 50 ஓம், பொருந்தாது என்று யாராவது வாதாட வந்தால் "கேட்க மட்டும்தானே" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

மின்னலுக்கான வேலைதான் எல்லோரும் தள்ளிப்போடுவது. ஆன்டெனாக் கம்பத்திலிருந்து குறைந்தது 10-ஆம் எண் (கேஜ்) செப்புக் கம்பியை நேராகத் தரைக்கு இறக்க வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் வைக்க வேண்டும். தரையில் புதிதாக எர்த் கம்பி அடித்தால் அதை அப்படியே தனியாக விட்டுவிடக் கூடாது, வீட்டின் மின்சார எர்த்தோடு 6-ஆம் எண் கம்பியால் இணைக்க வேண்டும். தனித்தனியாக விட்டால், பக்கத்தில் எங்காவது இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவில் உண்டாகும் அழுத்தம் உங்கள் ஸ்கேனர் வழியாகத்தான் பாதை தேடும். தோண்டுவதற்கு முன் 811-க்கு போன் செய்தால் அடியில் ஓடும் குழாய், வயர்களை வந்து இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள். மின்கம்பி போகிற பக்கம் கம்பத்தை நிமிர்த்தவே வேண்டாம். இவ்வளவும் செய்தாலும், இடி கேட்டால் நான் கேபிளைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவேன்.

கேபிள் சுவருக்குள் நுழைவதற்கு முன் 'யு' மாதிரி ஒரு தொங்கல் விடுங்கள். நான் விடாமல், அழகாக இருக்கட்டும் என்று நேராக இழுத்துக் கட்டினேன். முதல் பெருமழையில் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து சுவரில் ஒரு மஞ்சள் கறை போட்டது. இரண்டு முறை பெயின்ட் அடித்தாயிற்று, இன்னும் தெரிகிறது.

கேள்வி: எழுநூறு டாலருக்குப் பக்கத்தில் கொடுத்து டிஜிட்டல் ஸ்கேனர் வாங்கினேன். டவர் என் ஜன்னலிலிருந்தே தெரிகிறது, சிக்னல் கட்டங்கள் முழுசாகக் காட்டுகிறது, குரல் மட்டும் உடைந்து உடைந்து வருகிறது. இன்னும் பெரிய ஆன்டெனா வைக்கட்டுமா?
— வாசகர், பிளேனோ, டெக்சாஸ்

வைக்காதீர்கள், இன்னும் மோசமாகும். உங்கள் ஊரில் சைமல்காஸ்ட் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதாவது பல டவர்கள் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் ஒரே பேச்சை அனுப்பும். கோயில் திருவிழாவில் தெருவுக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்களே, நடுவில் நின்றால் ஒரே பாட்டு முன்னும் பின்னுமாக வந்து ஒரு வார்த்தையும் புரியாது, அதே கதை. போலீஸ்காரரின் ரேடியோ இதைச் சமாளிக்கும்படி செய்தது, பல ஸ்கேனர்கள் அப்படியில்லை. இந்த ஒரு விஷயத்தில் குறைவாகக் கேட்டால்தான் தெளிவாகக் கேட்கும். சின்ன ஆன்டெனா போடுங்கள், சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரை ஆன் செய்யுங்கள், கருவியை மேசையிலேயே ஓரடி நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். என் வீட்டில் ஃபிரிட்ஜின் இடது பக்கம் வைத்தால் தெளிவு, வலது பக்கம் வைத்தால் குளறல். எதற்கும் மசியவில்லை என்றால், ஒரே டவரை மட்டும் குறிபார்க்கும் யாகி ஆன்டெனா. அதுவும் சரிப்படவில்லை என்றால் எஸ்டிஎஸ்100 அல்லது எஸ்டிஎஸ்200-க்கு மாற வேண்டியதுதான், இந்தக் குளறலை மனதில் வைத்தே வந்த கருவிகள் அவை. உங்களிடம் இருப்பதைத் திருப்பிக் கொடுக்க நாள் இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவன், எடிசன், நியூ ஜெர்சி. கையில் ஐம்பது டாலர்தான் இருக்கிறது சார்.

போதும் தம்பி. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று கட்டைவிரல் அளவில் ஒரு யுஎஸ்பி குச்சி கிடைக்கிறது. கம்ப்யூட்டரில் டிவி பார்க்கச் செய்த மலிவுப் பொருளை வைத்து ஏறக்குறைய 24-லிருந்து 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று 2012 வாக்கில் கண்டுபிடித்துவிட்டார்கள். எஸ்டிஆர்டிரங்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பி25-ஐயும் படிக்கும். ஒரு குச்சி ஒரே நேரத்தில் இரண்டரை மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள்தான் பார்க்கும், உங்கள் கவுண்டியின் சேனல்கள் அதைவிடப் பரவியிருந்தால் இரண்டாவது குச்சி வேண்டியிருக்கும். எடிசனில் இருந்துகொண்டு நியூயார்க் போலீஸைத் தேடி நேரத்தை வீணாக்காமல், நெவார்க்கில் இறங்கும் விமானங்களையும் வடகிழக்கு ரயில் பாதையையும் கேளுங்கள். 118-லிருந்து 137 வரை விமானம், 160-161 பக்கம் ரயில். விமானத்துக்கு ஏஎம் என்று மாற்ற வேண்டும். எஃப்எம்மிலேயே வைத்துக்கொண்டு "குச்சி கெட்டுப்போச்சு" என்று எழுதாதீர்கள், போன மாதம் ஒருவர் எழுதினார்.

கேள்வி: சென்னையில் அப்பா ரிடையராகி வீட்டில் இருக்கிறார், பொழுது போகவில்லை என்கிறார். ஒரு ஸ்கேனர் வாங்கிக்கொண்டு போகட்டுமா?

வேண்டவே வேண்டாம். இங்கே பொழுதுபோக்காக இருப்பது அங்கே வழக்காகிவிடும். உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவி வைத்திருக்கக் கூடாது என்று 1933-லேயே இந்தியாவில் சட்டம் போட்டாயிற்று, 2023-ல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் ஒட்டுக்கேட்பதில் தாராளம் காட்டவில்லை. அப்பாவுக்கு நல்ல சிற்றலை ரேடியோ ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். ஆர்வம் இன்னும் மிச்சமிருந்தால் அங்கேயே ஹாம் தேர்வு எழுதலாம், வயதுக்கு மேல்வரம்பு கிடையாது.

கேள்வி: அண்ணா, உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இவர் ஒன்று வாங்கி படுக்கை அறையிலேயே வைத்திருக்கிறார். ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்கோ நெஞ்சு வலி, எங்கோ விபத்து. எனக்குத் தூக்கம் போச்சு. நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மன்னித்துக்கொள் அம்மா, பாவம் என் தலையில்தான். இரவு பத்து மணிக்கு மேல் எல்லாக் குழுக்களையும் ஒதுக்கிவிட்டு வானிலை எச்சரிக்கையை மட்டும் விட்டுவைக்க அந்தக் கருவியிலேயே வழி இருக்கிறது, அவரை உட்கார்த்தி வைத்துச் செய்யச் சொல். விடிய விடிய கேட்டே தீருவேன் என்றால் காதுக்கருவி மாட்டிக்கொள்ளட்டும். இரண்டுக்கும் ஒத்துவரவில்லையா, பெட்டிக்குப் பின்னால் ஆன்டெனா கேபிள் செருகியிருக்கும் இடத்தில் வட்டமான உலோக வளையம் ஒன்று இருக்கும், அதை அழுத்திக் கால் சுற்று இடது பக்கம் திருப்பினால் கையோடு வந்துவிடும். வந்ததை முக்கால்வாசி செருகின மாதிரி அப்படியே வைத்துவிடு. அவர் ஒரு வாரம் ஆன்டெனாவைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதுவார், நான் பார்த்துக்கொள்கிறேன்.